உள்ளத்துக்கு 43 பக்கம்

‘மேற்படி எதிரி மேற்படி பெண்ணுடன் உடலாலும் உள்ளத்தாலும் தகாத உறவு கொண்டிருந்தார்’ என்றது புகார் மனுவின் ஆறாவது பத்தி. உடலுக்கு ஒரு சாட்சியும் இல்லை. உள்ளத்துக்கு 43 பக்கம் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ‘உண்மை நகல்’ என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

2017இல் ராமநாதபுரம் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இது. சம்பந்தப்பட்ட பெண்ணின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊர் கீழக்கரையில் தெருப் பெயரை மட்டும் சொன்னால் போதும், அஸருக்குச் சொன்னது மஃரிபுக்குள் வீடு தேடிப் போய்விடும். அதனால் தெருவும் கிடையாது. சட்டத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

அந்த 43 பக்கமும் ஒரு டைரியில் இருந்தவை. துபாய் கம்பெனிப் பெயர் பொன்னெழுத்தில் பொறித்த டைரி. வெள்ளிக்கிழமைகள் சிவப்பில் இருக்கும். வெளிநாட்டுக்குச் சபர் போனவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே இப்படி ஒன்று வரும். பெண்கள் அதில் பால் கணக்கு எழுதுவார்கள். இந்த டைரிக்குச் சொந்தக்காரர் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். விமான டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ். கணவர் துபாயில் இருக்கும் ஒரு பெண், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அந்தக் கடைக்குச் சில தடவை போயிருக்கிறார். போய்வந்த ஒவ்வொரு நாளும் கடைக்காரர் எழுதியிருக்கிறார். அவளுக்கென்று எழுதிய கடிதங்கள். ஒன்றையும் கொடுக்கவில்லை.

நகல் கட்டில் எனக்கு இன்றும் நினைவிருக்கும் பக்கம் ஒன்று உண்டு. சின்னவனுக்குப் போட்டோ எடுக்க வேண்டும், பின்னால் வெள்ளை வேண்டும், கடையில் மாட்டியிருந்த திரை அழுக்காக இருந்தது. அந்தப் பெண் தன் வெள்ளைத் துப்பட்டியின் ஒரு முனையை விரித்துப் பிள்ளைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாராம். போட்டோவின் ஓரத்தில் இரண்டு விரல் விழுந்துவிட்டது. வேறு படம் எடுத்துக்கொடுத்தேன், விரல் விழுந்ததை நான் வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டரைப் பக்கம். அதில் தவறான ஒரு சொல் கூட இல்லை. ஆனால் படிப்பவர் எவருக்கும் புரியும்.

கடையில் வேலை பார்த்த பையன் சம்பளத் தகராறில் விலகியபோது டைரியையும் தூக்கிக்கொண்டு போனான். நான்கு பக்கம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றியது. முழு டைரி, அந்தப் பெண்ணின் கணவருடைய அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் முதலில் போனது ஜமாஅத்துக்கு. அங்கே நடந்ததை, கூட இருந்த ஒரு பெரியவர் பின்னால் என்னிடம் சொன்னார். டைரியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி, “சாட்சி நாலு பேரு இருக்காகளா?” என்பதுதான். ஜினா, அதாவது கள்ள உறவு, என்று ஒருவர்மேல் சொல்ல வேண்டுமானால் செயலைக் கண்ணால் கண்ட நான்கு பேர் வேண்டும். கொண்டுவர முடியாதவர் சொன்ன பழி அவர்மேலேயே திரும்பும், அதற்கு 80 கசையடி என்பது குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் உள்ள சட்டம். பெரியவர் அதோடு விடவில்லை. கலீஃபா உமரைப் பற்றி மார்க்க மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் நிகழ்ச்சியையும் எடுத்துவிட்டார். இரவு நகர்வலம் போன உமர், ஒரு வீட்டுக்குள் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே தவறு செய்துகொண்டிருந்தவனைப் பிடிக்கிறார். அவனோ, “நான் செய்தது ஒரு குற்றம், நீங்கள் செய்தது மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, ஸலாம் சொல்லி அனுமதி கேட்கவில்லை” என்கிறான். கலீஃபா திரும்பிப் போய்விடுகிறார்.

“நீ சுவரேறித்தானப்பா இந்த நோட்டை எடுத்திருக்கே” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஷரீஅத் வாசலை மூடிய பிறகுதான் அந்த மனிதர், வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய சட்டத்தைத் தேடி ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார். நம் பொதுப் பேச்சில் இது தலைகீழாகத்தான் சொல்லப்படுகிறது: மதம் மனசுக்குள் புகுந்து பார்க்கும், சட்டம் வெளியே நிற்கும் என்று.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை இன்றைய ஜூனியர்கள் பாடமாகத்தான் படிக்கிறார்கள். நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள். இன்னொருவரின் மனைவி என்று தெரிந்தே, அந்தக் கணவரின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல், அவளோடு உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்து வருடம் வரை சிறை. பெண்ணுக்குத் தண்டனை இல்லை, உடந்தை என்ற பெயரிலும் இல்லை. கேட்டால் பெண்ணுக்குச் சாதகமான சட்டம் போலத் தெரியும். அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்: கணவர் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை. திருமணமாகாத பெண்ணோடும் கணவனை இழந்த பெண்ணோடும் என்றால் குற்றமே இல்லை. கணவன் வேறொருத்தியிடம் போனால் மனைவி புகார் கொடுக்கவும் முடியாது. ஒழுக்கத்தைக் காக்க எழுதிய சட்டம் இப்படியா இருக்கும்? வேலி தாண்டி மேய்ந்த மாட்டுக்காக வயல்காரர் போடும் பிராது இது. மெக்காலே 1837இல் கொடுத்த வரைவில் இந்தக் குற்றமே கிடையாது. பின்னால் வந்த சட்ட ஆணையம்தான் சேர்த்தது. ஆணை மட்டும் தண்டித்தால் போதும் என்று முடிவு செய்ததும் அதுதான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 198(2) இதற்குக் காவல் நின்றது. பாதிக்கப்பட்டவர் என்றால் கணவர் மட்டுமே. அவர் இல்லாதபோது, அவர் சார்பில் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர் யாரோ, அவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுப் புகார் கொடுக்கலாம். ஆண்கள் பாதிப்பேர் கடல் தாண்டி இருக்கும் ஊரில் அந்த வாசகத்துக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் தானாக விசாரிக்க முடியாத வகைக் குற்றம் என்பதால் அண்ணன் தனிப் புகாராகவே தாக்கல் செய்தார்; கூடவே அனுமதி கேட்டு ஒரு மனு.

அந்தப் பெண் தன் உம்மாவோடு என் அலுவலகத்துக்கு வந்தார். உம்மாதான் பேசினார்.

“வக்கீல் தம்பி, எம் மவளைப் பத்தி கோர்ட்டுல கேஸு ஓடுதாம். அவளுக்கு ஒரு நோட்டீஸும் வரலையே. என்ன கோர்ட்டு இது?”

“அவுக மேல கேஸ் இல்ல, மாமி. அந்தக் கடைக்காரர் மேலதான்.”

“பேரு எம் மவ பேருதானே தம்பி எல்லா பேப்பர்லயும் இருக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 497இன் கீழ் அவர் எதிரியும் இல்லை, புகார்தாரரும் இல்லை. அழைத்தால் சாட்சி, அழைக்காவிட்டால் யாரும் இல்லை. தன் நடத்தையைப் பற்றிய வழக்கில் தனக்கு இடமே இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

உம்மா தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் மகள் பேசினார். “காக்கா, அவரு எழுதுனது எனக்குத் தெரியாது. அல்லா மேல ஆணையா தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்குமான்னு கேட்டா, அதையும் சொல்லத் தெரியல. அதைக் கோர்ட்டுல கேப்பாகளா?”

“கேக்க மாட்டாங்க. கேட்டாலும் சொல்ல வேண்டியதில்ல.”

“மச்சான் கேட்டா?”

மச்சான் என்றால் இங்கே கணவர். அது என் எல்லைக்கு வெளியே இருந்த கேள்வி.

பிடித்துக்கொள்ள எங்களுக்கு இருந்த கொம்பு வினோதமான இடத்திலிருந்து கிடைத்தது. சௌமித்ரி விஷ்ணு வழக்கில் 1985இல் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட், 497 செல்லும் என்று தீர்ப்பளித்தார். பெண்கள் இயக்கங்கள் இன்றுவரை கடுமையாகப் பேசும் தீர்ப்பு அது. அந்த வழக்கில், தன்னைக் கேட்காமலே தன் நடத்தை தீர்மானிக்கப்படுகிறது என்பது மனுதாரரின் வாதங்களில் ஒன்று. அதற்குப் பதில் சொல்லும்போது, அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் விசாரணை நீதிமன்றம் அவர் தரப்பைக் கேட்கத் தடை ஏதும் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியை வைத்து, அனுமதி மனுவில் எங்களையும் கேட்க வேண்டும் என்று மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் பாரில் மூத்தவர், என்மேல் பிரியம் உள்ளவர். “நீ யாருக்குப்பா வக்காலத்து? எதிரிக்கு இல்ல, வாதிக்கு இல்ல, அந்தரத்துல நிக்கிற ஆளுக்கா?” என்று வராந்தாவில் கிண்டலடித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. நடுவர் இரண்டு வாய்தா யோசித்து, மனுவை அனுமதித்தார்.

வாதத்தன்று எதிர்த்தரப்பு சீனியர் தயாராக வந்திருந்தார். இந்த வகைக் குற்றத்துக்கு நேரடி சாட்சி கிடைக்காது. விருப்பமும் வாய்ப்பும் சேர்ந்து இருந்ததைக் காட்டினால் செயலை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். விருப்பத்துக்கு டைரி. வாய்ப்புக்குக் கடை. இது பலவீனமான வாதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சட்டம் எண்ணத்துக்காக யாரையும் தண்டிப்பதில்லை என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள்: எண்ணம், ஆயத்தம், முயற்சி, செயல் என்ற நான்கு படியில் முதல் படிக்குக் கதவில்லை. ஆனால் எண்ணத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள சட்டம் ஒருபோதும் தயங்கியதில்லை. கொலை வழக்கில் எதிரியின் கடிதத்தை நாங்களே காட்டுகிறோம். அங்கே பிணம் ஒன்று இருக்கிறது, அதை வைத்தது யார் என்று தேட எண்ணம் உதவுகிறது. இங்கே பிணமே எண்ணத்திலிருந்து பிறக்க வேண்டியிருந்தது.

சீனியர் கடைசியில் வள்ளுவரிடம் போனார். எங்கள் பக்கக் கோர்ட்டுகளில் இது சகஜம். கள்ளாமை அதிகாரத்தில், வஞ்சித்து எடுக்க மனத்தால் எண்ணுவதையே தீமையில் சேர்த்திருக்கிறார் வள்ளுவர், எண்ணத்துக்கு விலக்கு இல்லை என்றார் கம்பீரமாக.

நடுவர் தலை நிமிராமலே கேட்டார்: “அது பொருளைத் திருடுறதைப் பத்தின அதிகாரம் இல்லையா, சார்?”

“ஆமா, யுவர் ஆனர். பிறர் பொருள்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பின்வரிசையில் இரண்டு ஜூனியர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து, அந்த வாசகத்தை அப்படியே பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். பிறனில் விழையாமை என்று தனி அதிகாரமே இருக்க, அவசரத்தில் அவர் திருட்டு அதிகாரத்தை எடுத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

என் பங்குக்கு நான் தத்துவம் எதுவும் பேசவில்லை. நகராட்சி வீட்டு வரி ரசீதைக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் குடும்பங்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகள் பிறந்ததும் வாப்பா வீட்டுக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிடுவார். இந்தப் பெண்ணின் வீடு அவர் பெயரில் இருந்தது, வரியும் அவர் பெயரில், மின் இணைப்பு உம்மா பெயரில். கணவர் விடுப்பில் வந்தால் தங்குவது மனைவி வீட்டில். அவருடைய அண்ணன் வசிப்பது தன் மனைவியின் வீட்டில், வேறு தெருவில். தம்பி மனைவி வீட்டுக்குக் கந்தூரிக்கும் பெருநாளுக்கும் வந்துபோனவர். ‘அவர் சார்பில் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு’ இவரிடம் எப்போது வந்தது? யார் கொடுத்தது? கணவர் ஒரு பவர் பத்திரம் கூட எழுதி அனுப்பவில்லை. ஒரு குரல் செய்தி இருந்தது, அதில் ‘நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் காக்கா’ என்றார், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்த வீடு, கணவன் வீடு. அவன் இல்லாவிட்டால் அவன் அண்ணன் தம்பியின் காவலில் மனைவி இருக்கும் வீடு. கீழக்கரை வீடு அவர்கள் கணக்கில் வரவே இல்லை.

அதோடு குஷ்பு வழக்கை வைத்தேன். நினைவிருக்கும் உங்களுக்கு. 2005 செப்டம்பரில் இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பில், திருமணத்துக்கு முன் உறவு பற்றி நடிகை குஷ்பு சொன்ன சில வரிகள். தமிழ்நாடு கொதித்தது, அவர் மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன. 23 புகார்கள், பெரும்பாலும் நம் மாநிலத்தின் பல ஊர் நீதிமன்றங்களில். 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், கே.ஜி.பாலகிருஷ்ணன், தீபக் வர்மா, பி.எஸ்.சௌகான், அத்தனையையும் ரத்து செய்தார்கள். பத்திரிகைகள் அந்தத் தீர்ப்பில் ‘சேர்ந்து வாழ்வது குற்றமல்ல’ என்ற பகுதியைத்தான் தலைப்பாக்கின. ஆனால் என்னைப் போன்ற கீழ்க்கோர்ட் வக்கீலுக்குப் பயன்பட்டது வேறு பகுதி. அவதூறு வழக்குக்குப் பாதிக்கப்பட்டவர் வேண்டும். இந்தப் புகார்தாரர்களில் ஒருவர் கூடத் தனிப்பட்ட முறையில் பாதிக்கப்படவில்லை, அந்த அம்மையார் இவர்களில் யாரையும் பற்றிப் பேசவில்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. சமூகத்தின் சார்பில் வலித்தது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திய தீர்ப்பு.

இந்த வகை வழக்குகளை நாற்பது வருடம் பார்த்த என் சீனியர், சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: குற்றம் என்ன என்று பார்க்கும் முன்பு, கத்துகிறவன் யார் என்று பார். அடுத்தவர் ஒழுக்கத்தைப் பற்றிய புகார்களில், எனக்குத் தெரிந்தவரை, கத்துகிறவருக்கு அடிபட்டிருப்பதே இல்லை. அடிபட்டவர் பெரும்பாலும் உள் அறையில் இருக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை. தனி வாழ்க்கையைச் சட்டம் ஆளலாமா என்ற பெரிய கேள்விக்கு இங்கிலாந்தில் 1957இல் வுல்ஃபென்டன் அறிக்கை ஒரு பதில் சொன்னது, டெவ்லின் பிரபு அதை எதிர்த்தார், சட்ட அறிஞர் ஹார்ட் டெவ்லினை எதிர்த்தார். மதுரை சட்டக் கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்தோம். வராந்தாவில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக வருவதில்லை. இந்த வாசலைத் தட்ட உமக்கு என்ன உரிமை என்ற சின்னக் கேள்வியாகத்தான் வருகிறது.

வாசல் மூடியிருந்தால் சட்டம் உள்ளே வரவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாதத்தைத் தலைமுறை தலைமுறையாக, மனைவியை அடிப்பவர்கள்தான் அழகாகப் பேசியிருக்கிறார்கள். குடும்ப விஷயம், நாங்க பாத்துக்குறோம் என்று. 2005இன் குடும்ப வன்முறைச் சட்டம் அந்த வாசலைத் திறந்தது, திறந்தது சரிதான். ஆனால் கொடுமை என்னவென்றால், கணவருக்காக வெளியாளைத் தண்டிக்கப் படுக்கையறைக்குள் புகுந்த அதே தண்டனைச் சட்டம், கணவனின் பலாத்காரத்தைப் பற்றி மனைவி கூப்பிட்டபோது 375ஆம் பிரிவின் விதிவிலக்கைக் காட்டி வெளியிலேயே நின்றுகொண்டது. 2017 அக்டோபர் 11 அன்று, எங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 18 வயதுக்குக் குறைந்த மனைவியருக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தது. மற்றவர்களுக்கு இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது, 2024இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும்.

அந்த வருடமே அப்படி ஒரு வருடம். ஆகஸ்ட் 22இல் முத்தலாக் தீர்ப்பு. ஊரில் டீக்கடை முதல் பள்ளிவாசல் திண்ணை வரை அதுதான் பேச்சு. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 24இல், ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அது எங்கள் ஊரில் யார் காதிலும் விழவில்லை. ஆதார் அட்டை சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பின் சில பக்கங்களை அச்செடுத்து நடுவரிடம் கொடுத்தேன். ஒரு மனிதர் யாருக்கும் காட்டாமல் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஊருக்குக் காட்டி, அதையே சாட்சியாக்கினால் அந்தரங்கத்துக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன். திருட்டு வழியில் வந்தது என்பதற்காக மட்டும் நம் நாட்டில் ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிட மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். நடுவருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டார்.

உத்தரவு 2018 தொடக்கத்தில் வந்தது. மூன்று பக்கம். மனுதாரர் அந்தப் பெண்ணைக் கணவர் சார்பில் பொறுப்பில் வைத்திருந்ததாகக் காட்டவில்லை, குற்றச் செயல் நடந்ததற்கு முகாந்திரம் எதுவும் இல்லை, அனுமதி மறுக்கப்படுகிறது. அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரி ரசீது பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது.

அண்ணன் மேல்கோர்ட்டில் சீராய்வு மனுப் போட்டார். அது கிடப்பில் இருந்தபோது, ரமலானுக்குக் கணவர் ஊருக்கு வந்தார். நோன்பு திறந்த பிறகு ஒரு ராத்திரி என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தூக்குவாளி நோன்புக் கஞ்சி. வெறும் கையோடு வரக் கூச்சம் போலிருக்கிறது. ரொம்ப நேரம் துபாய் வெயிலைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது கேட்டார்:

“வக்கீல் காக்கா, அந்த நோட்டுல அவ எழுதுனது ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல. ஒரு எழுத்துக்கூட இல்ல. கோர்ட் ரெக்கார்டுல இருக்கு, நீங்களே பாத்துக்கலாம்.”

“அப்ப சரி.”

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க முடியாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைச் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பூட்டி வைத்திருந்தது. அவள் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. எழுதாத ஒன்றுக்கு விடுதலையும் எழுதிய ஒன்றுக்குத் தண்டனையும் என்றால் அது எண்ணத்தைப் பற்றிய தீர்ப்பா, எழுத்தைப் பற்றிய தீர்ப்பா? அது அந்த வீட்டுக்காரர்கள் பாடு. அடுத்த மாதம் அவர் திரும்பிப் போனார், அதற்கடுத்த வருடம் மனைவி பிள்ளைகளை விசிட் விசாவில் கூப்பிட்டுக்கொண்டார் என்று உம்மா சொன்னார்.

2018 செப்டம்பர் 6இல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் 377ஆம் பிரிவில், வயது வந்தவர்கள் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய பகுதி விழுந்தது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 27இல், 497. இத்தாலியில் வாழ்ந்த மலையாளி ஜோசப் ஷைன் போட்ட மனு. சபராளிகளின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த சட்டத்தை இன்னொரு சபராளியே விழவைத்தார். ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவு. அவர்களில் ஒருவர் டி.ஒய்.சந்திரசூட். 1985இல் தன் தந்தை எழுதிய தீர்ப்பைத்தான் அவர் தள்ளினார். 198(2)இல் 497 சம்பந்தப்பட்ட பகுதியும் அதோடு போயிற்று. விவாகரத்துக்கு இது காரணமாக நீடிக்கும், சிறைக்குக் காரணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். சரியான இடத்தில் போட்ட கோடு அது என்பது என் கருத்து. துரோகத்துக்கு விளைவே இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதை வசூலிக்க வேண்டியவர் நம்பியவர்தான், சர்க்காரோ அண்ணனோ அல்ல. தந்தையின் தீர்ப்பில் இருந்த அந்த ஒரு வரியும் சேர்ந்து செத்துப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதற்கு நான் பட்டிருக்கும் கடன் அப்படி.

அடுத்த வாய்தாவில் சீராய்வு மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். மிஞ்சியது டைரி, அசல், அரக்கு வைத்த உறைக்குள். அழித்துவிட வேண்டும் என்றார் அண்ணன் தரப்பு வக்கீல். என் கட்சிக்காரருக்குச் சொந்தமான பொருள், திருப்பிக் கொடுங்கள் என்றார் கடைக்காரரின் வக்கீல். உங்கள் தரப்பு என்ன என்று என்னைக் கேட்டபோது, அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவர் போனில் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவரு எழுதுனது அவருக்கே போவட்டும் காக்கா. எரிக்கச் சொன்னா நான் பயந்த மாதிரி ஆயிடும். எனக்கு வேணும்னு கேட்டா அது வேற மாதிரி ஆயிடும்.” அதையே சட்ட வாசகமாக மாற்றி, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கடையை மூடிவிட்டுச் சென்னைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. வாட்ஸ்அப்பில் போன நான்கு பக்கத்தை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பி வாங்க முடியவில்லை. அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் கிடைத்த உண்மையான தண்டனை அதுதான், அதைக் கொடுத்தவர்கள்மேல் வழக்கு எதுவும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கள்ள உறவை ஆண் பெண் இருவருக்கும் பொதுவான குற்றமாக்கி மீண்டும் சேர்க்கலாம் என்று 2023 நவம்பரில் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. ஆனால் பழைய 498, அதாவது இன்னொருவர் மனைவியைத் தகாத உறவு நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துப்போவது, 84ஆம் பிரிவாகப் புதுச் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. 497 போனது தெரிந்தவர்கள் இப்போது அதைக் கேட்டு வருகிறார்கள். சமீபத்தில் ஒருவர் வந்தார். தம்பி சவூதியில், தம்பி மனைவிமேல் சந்தேகம், யூடியூபில் பார்த்தேன், 84 போடலாமாமே என்றார்.

“போடலாம். தம்பி வந்து கையெழுத்துப் போடணும். பாதிக்கப்பட்டவர் அவர்தான்.”

“அவனுக்கு ஏன் சார் இந்தக் கஷ்டம்? அவனுக்கு இதெல்லாம் தெரியாது.”

தெரிந்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் என் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். ஆலோசனைக் கட்டணம் கூடக் கொடுக்கவில்லை.